மலேசியாவில் எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்த பிறகு சமூகக் கல்லூரியில் சட்ட உதவியாளர் படிப்பு படிக்கலாமா? வேலைக்கு உதவுமா?

தாராளமாகப் படிக்கலாம். நான் பினாங்கில் ஒரு லாயர் ஆபீசில், வீடு நிலம் வாங்கி விற்கும் பிரிவில் வேலை செய்கிறேன். இந்த வேலையை நன்றாகக் கற்றவர்களை எங்கள் ஆபீசில் எல்லோரும் தேடி வருவார்கள்.

வழக்கறிஞர் ஆக வேண்டும் என்பதுதான் உங்கள் ஆசை என்றால் அது வேறு பாதை. சட்டப் பட்டம் வேண்டும், பல வெளிநாட்டுப் பட்டங்களுக்கு சி.எல்.பி. என்ற தொழில் தகுதித் தேர்வும் எழுத வேண்டும், அப்புறம் 9 மாதம் சேம்பரிங், அதாவது மூத்த வழக்கறிஞரிடம் பயிற்சி. சட்ட உதவியாளர் நீதிமன்றத்தில் வாதாட முடியாது. 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டம் அதைத் தடுக்கிறது.

உதவியாளரின் வேலை பெரும்பாலும் பாரங்களில், அதாவது படிவங்களில்தான். வீடு கைமாற 14ஏ பாரம், வங்கிக் கடனுக்கு 16ஏ பாரம், இரண்டும் மலாயில். முத்திரை வரிக் கணக்கும் நம் கையில்தான் வரும். சலுகை எதுவும் இல்லாத உள்ளூர்க்காரர் 4 லட்சம் வெள்ளிக்கு (ரிங்கிட்) வீடு வாங்கினால், முதல் 1 லட்சத்துக்கு 1 விழுக்காடு, மீதி 3 லட்சத்துக்கு 2 விழுக்காடு, ஆக 7,000 வெள்ளி. பத்திரத்துக்கு முத்திரை வைக்கத் தவணையும் உண்டு, தவறினால் அபராதம்.

இதைவிட முக்கியமாக நான் நினைப்பது பெயர் விஷயம். நம் ஆட்களின் பழைய கிராண்ட்டில் (நில உரிமைப் பத்திரம்) ஒரு எழுத்துக்கூட்டல், ஐசியில் (அடையாள அட்டை) வேறு, பிறப்புப் பத்திரத்தில் இன்னொன்று. தோட்டத்தில் பிறந்த பெரியவர்களுக்கு இது சாதாரணம். அப்படியே அனுப்பினால் நில அலுவலகம் திருப்பிவிடும். இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று சத்தியப் பிரமாணம் தயாரிக்க வேண்டும். அப்படி வரும் ஒரு பாட்டியிடம் தமிழில் பொறுமையாகக் கேட்டு, "உங்க அப்பா பேரு எப்படிப் பதிஞ்சாங்க பாட்டி?" என்று விவரம் வாங்கத் தெரிந்த ஒருவர் ஆபீசில் இருந்தால் எத்தனையோ கோப்புகள் நகரும். தமிழ்ப் பிள்ளைகள் இந்த வேலைக்கு வர வேண்டும் என்று நான் ஆசைப்படுவது அதனால்தான்.

சேரும் முன் கல்லூரியில் இரண்டு விஷயம் கேளுங்கள். உண்மையான லாயர் ஆபீசில் தொழிற்பயிற்சி உண்டா? மேலே டிப்ளோமாவுக்குப் போக அந்தச் சான்றிதழை ஏற்பார்களா? பயிற்சி இல்லை என்றால் நான் யோசிப்பேன். கோப்பைக் கையில் பிடிக்காமல் இந்த வேலை வராது.

மலாய் எழுத்தை இப்போதே பலப்படுத்துங்கள். பயிற்சி இடம் தேடும்போது பினாங்கில் கொம்தார், லைட் ஸ்ட்ரீட் பக்கம் உள்ள சிறிய ஆபீஸ்களையும் விடாதீர்கள். அங்கே ஆள் குறைவு என்பதால் முதல் மாதத்திலேயே நில அலுவலகத்துக்கும் நீதிமன்றத்துக்கும் உங்களை அனுப்பிவிடுவார்கள்.