துளை போட்ட பிறகும் நீளும் விரிசல்

கேள்வி: நான்கு சிலிண்டர் எஞ்சின் உள்ள சிறு விமானம் ஒன்றை நண்பர்கள் சேர்ந்து வைத்திருக்கிறோம். ஆயில் கூலர் மாட்டியிருக்கும் பின்பக்க பேஃபிளில் (குளிர்விக்கும் காற்றைச் சிலிண்டர்கள் மேல் திருப்பிவிடும் மெல்லிய தகடு) விரிசல். போன முறை முனையில் துளை போட்டு நிறுத்தினார்கள். இப்போது துளையைத் தாண்டி அரை அங்குலம் ஓடியிருக்கிறது. வெல்டிங் வைக்கலாமா, ஒட்டுத் தகடு போதுமா?

பதில்: வெல்டிங் வேண்டாம். பேஃபிளுக்குப் பல இடங்களில் பயன்படும் 2024-டி3 அலுமினியம் சாதாரண வெல்டிங்குக்கு ஒத்துவராது. 6061 போன்ற ரகங்களை வெல்டிங் செய்யலாம். ஆனால் சூடு பட்ட இடத்தில் தகடு பதம் இழந்து இளகிவிடும், அதிர்வில் வெல்டிங் ஓரத்திலேயே மறுபடி கீறும். ஒட்டுத் தகடு போதும். ஆனால் அதை வெட்டுவதற்கு முன் விரிசல் ஏன் ஓடியது என்று பார்த்தாக வேண்டும்.

துளை செய்வது ஒன்றுதான்: விரிசலின் கூர்மையான முனையில் குவியும் அழுத்தத்தை வட்டமான விளிம்பில் பரப்பிவிடும். தகட்டை ஆட்டுகிற விசையை அது குறைப்பதில்லை. உங்கள் விஷயத்தில் எனக்குச் சந்தேகம் கூலர் மேல்தான். எண்ணெயும் குழாய்களுமாகக் கனக்கும் ஒரு பெட்டி, முக்கால் மில்லிமீட்டர் அளவே உள்ள தகட்டில் தொங்குகிறது. எஞ்சின் ஓடும் நேரமெல்லாம் அது அந்தத் தகட்டை மடக்கி மடக்கி நிமிர்த்துகிறது.

எஞ்சினை மூடியிருக்கும் கௌலிங்கைக் கழற்றியதும் துணியால் துடைத்துவிடாதீர்கள். முதலில் அழுக்கோடு பாருங்கள், டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து. ரிவெட் தலையைச் சுற்றிக் கருஞ்சாம்பல் நிறத்தில் தீற்றல் இருந்தால் அந்த ரிவெட் தளர்ந்து உரசுகிறது. தகட்டில் ஓரிடம் மட்டும் பளபளத்தால் அங்கே ஏதோ தேய்க்கிறது. அப்புறம் கூலரைக் கையால் மெல்ல அசைத்துப் பாருங்கள். விரிசலின் இரு உதடுகளும் திறந்து மூடினால் காரணம் கையில் கிடைத்துவிட்டது. குழாய் நீளம் பற்றாமல் கூலரை இழுக்கிறதா, தாங்கு பட்டை ஏதும் காணாமல் போயிருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு எஞ்சினில் ஒட்டுக்கு மேல் ஒட்டாக மூன்று தகடுகள் பார்த்திருக்கிறேன். தாங்கியின் போல்ட் ஒன்று இல்லாததை அதுவரை யாரும் கவனிக்கவில்லை.

கூலருக்குக் கூடுதல் தாங்கி தேவைப்பட்டால், விமானத் தயாரிப்பாளர் அதற்கென ஏதாவது தருகிறாரா என்று முதலில் பாருங்கள். எதுவானாலும் அதன் மறுமுனை எஞ்சினோடு சேர்ந்தே ஆடும் இடத்தில் பிடிக்கப்பட வேண்டும். எஞ்சின் ரப்பர் தாங்கிகளின் மேல் அசையும், அதை விமான உடலோடு பிடிக்கும் மவுண்ட் சட்டம் அசையாது. இரண்டையும் இணைத்தால் புது விரிசலை நீங்களே வரவழைத்ததாகும்.

சரி, இனி ஒட்டு. பேஃபிளைக் கழற்றி பெயின்டை நீக்குங்கள். இரும்புக் கம்பி பிரஷ் தொடவே கூடாது, அதன் துகள் அலுமினியத்தில் பதிந்து அரிப்பு தொடங்கும். விரிசலின் நிஜ முனை கண்ணுக்குத் தெரிவதைவிடத் தள்ளி இருக்கும். விரிசலுக்குள் சாயத்தை ஊறவிட்டுக் காட்டும் நிறமி ஊடுருவல் சோதனை செய்து அதைக் கண்டுபிடித்து, 3/32 முதல் 1/8 அங்குலத் துளை போட்டு, பிசிறைச் சுத்தமாக எடுங்கள்.

ஒட்டுத் தகடு அதே உலோகம், அதே கனம், மிஞ்சினால் ஒரு படி கூடுதல். ரொம்பக் கனமாக வைத்தால் விரிசல் ஒட்டின் ஓரத்துக்கு இடம் மாறும், அவ்வளவுதான். மூலைகளை நன்றாக உருட்டுங்கள். கோடு போட மார்க்கர் பேனா போதும். பென்சிலின் கிராஃபைட் அரிப்பை உண்டாக்கும், ஊசிக் கீறலோ அடுத்த விரிசலுக்கு வழி. ரிவெட் மையத்திலிருந்து தகட்டு விளிம்புக்குக் குறைந்தது ரிவெட் விட்டத்தைப் போல் இரு மடங்கு, ரிவெட்டுக்கு ரிவெட் மும்மடங்கு இடைவெளி விடுங்கள். அடித்து முடித்த தலை ஒன்றரை மடங்கு அகலம், அரை மடங்கு உயரம் இருக்க வேண்டும். ஒட்டும் இரு முகங்களுக்கும் பிரைமர் பூசுங்கள். அமெரிக்க விமானத் துறையின் ஏசி 43.13-1பி கையேட்டில் இந்த வகைத் தகட்டு வேலை விரிவாக இருக்கிறது. விரிசல் ஒரு துளையிலிருந்து இன்னொரு துளைவரை போய்விட்டாலோ, பழைய ஒட்டின் மேல் ஒட்டு என்ற நிலை வந்தாலோ, புதுத் தகடே வெட்டுங்கள்.

மாட்டும்போது பேஃபிளுக்கும் கௌலிங்குக்கும் இடையே மூடும் ரப்பர் பட்டையைப் பாருங்கள். அது அழுத்தக் காற்று இருக்கும் பக்கம் சாய்ந்திருந்தால்தான் காற்றே அதைக் கௌலிங்கோடு அழுத்தி மூடும். வெளிப்பக்கம் மடிந்தால் காற்று சிலிண்டரின் குளிர்விப்பு மடிப்புகளான ஃபின்களைத் தொடாமலே தப்பிப் போகும். எஞ்சினின் மேலுக்கும் கீழுக்கும் உள்ள அழுத்த வேறுபாடு சில அங்குல உயர நீர் தரும் அழுத்தம் அளவுதான், ஆகவே சின்ன இடைவெளியும் நஷ்டம். இருட்டில் கௌலிங்குக்குள் விளக்கு வைத்துப் பாருங்கள், ஒளி கசியும் இடம் காற்றும் கசியும் இடம்.

தொழிற்சாலைச் சான்று பெற்ற விமானமானால், உரிமம் உள்ள பராமரிப்புப் பொறியாளர் பார்த்துப் பதிவேட்டில் கையெழுத்திட்ட பிறகே பறக்க வேண்டும். பத்து மணி நேரம் பறந்ததும் ஒருமுறை கௌலிங்கைத் திறந்து, ஒட்டின் விளிம்பையும் கடைசி ரிவெட்டையும் லென்ஸ் வைத்துப் பாருங்கள்.