அம்மாவின் தலையில் போடாதீர்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

என் மகள் உயிர்வேதியியலில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு, மைட்டோகாண்ட்ரியா (செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் பகுதி) நோய்களில் பிஎச்.டி. செய்யப் போகிறேன் என்கிறாள். ஐந்தாறு வருடம் ஆகுமாம். பெரும்பாலும் மருந்தே இல்லாத நோய்கள் என்றும் அவளே சொல்கிறாள். எங்கள் சொந்தத்தில் ஒரு குழந்தைக்கு இப்படி ஒரு நோய். அம்மா வழியாக வருவது என்பதால் அந்த வீட்டில் மருமகளிடம் இப்போது யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அதைப் பார்த்துத்தான் இவளுக்கு இந்த ஆர்வம் வந்தது. இந்தத் துறையில் எதிர்காலம் உண்டா?

ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

வேலை, சம்பளம் எல்லாம் அவளுடைய பேராசிரியர்களிடம் கேளுங்கள். மருந்து இல்லாததை எதற்குப் படிக்க வேண்டும் என்பது ஒரு கேள்வியே இல்லை. மருந்து இருந்தால் அவள் எதற்குப் படிக்கப் போகிறாள்?

நான் எழுத உட்கார்ந்தது, போகிறபோக்கில் நீங்கள் எழுதிவிட்டுப் போன ஒரு வரிக்காக. "அம்மா வழியாக வருவது என்பதால்." யார் சொன்னது, டாக்டரா வாட்ஸ்அப்பா?

கொஞ்ச நாளாக அனிதா ஹார்டிங் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். லண்டன் குயின் ஸ்கொயரில் நரம்பியல் மருத்துவர். முதலில் அவர் எடுத்துக்கொண்டது ஃபிரீட்ரைக் அட்டாக்ஸியா. பள்ளிக்கூட வயதில் நடை தள்ளாட ஆரம்பித்து, போகப்போகச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்துவிடும் நோய். 90 குடும்பங்களில் 115 பேரை ஆராய்ந்து 1981இல் கட்டுரை எழுதினார். அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் ஆளுக்கொரு பழுதான மரபணுப் பிரதி வந்து சேர்ந்தால்தான் இந்த நோய்.

அப்புறம் மைட்டோகாண்ட்ரியா பக்கம் வந்தார். 1988இல் இயன் ஹோல்ட், ஜான் மார்கன்-ஹியூஸ் இருவரோடு சேர்ந்து, தசை நோயுள்ள 25 பேரின் தசையைப் பார்த்தார். 9 பேரிடம் மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ.வில் பெரிய துண்டு ஒன்று விட்டுப்போயிருந்தது. அந்த டி.என்.ஏ. கெட்டால் மனிதருக்கு நோய் வரும் என்று முதலில் காட்டிய வேலை இது. அந்த டி.என்.ஏ. தாயிடமிருந்து வருவதுதான், சரி. ஆனால் இந்த வகைப் பழுது பெரும்பாலும் தாயிடம் இருப்பதில்லை, அந்தப் பிள்ளையோடு புதிதாகத் தொடங்குவது. முதல் ஆதாரமே உங்கள் சொந்தக்காரர்களுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. (அதே வருடம் டக்ளஸ் வாலஸ் குழு மரபணுக் காரணம் கண்டுபிடித்த, பார்வையைப் பறிக்கும் லெபர் நோய் தாய்வழி வருவதுதான். இல்லை என்று சொல்லவில்லை.)

ஹார்டிங் 1995இல் புற்றுநோயில் இறந்தார், வயது 42. பிழைக்க மாட்டோம் என்று தெரிந்தபோது, அந்த வருடம் புதிதாக வந்த கம்ப்யூட்டர் மென்பொருளான விண்டோஸ் 95-ஐ இனி வாங்க வேண்டியதில்லை என்று சொன்னாராம், அப்படி ஒரு மனுஷி. மறு வருடம் ஃபிரீட்ரைக் நோயின் மரபணு கிடைத்தது. அது தயாரிக்கும் புரதம் வேலை செய்கிற இடம் மைட்டோகாண்ட்ரியா! அதாவது, அப்பாவுக்கும் சரிபாதி பங்குள்ள மைட்டோகாண்ட்ரியா நோய்.

இதுதான் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிய வேண்டியது. மைட்டோகாண்ட்ரியா இயங்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட புரதங்கள் வேண்டும். அதன் சொந்த டி.என்.ஏ. தருவது 13 மட்டும். மிச்சமெல்லாம் செல்லின் உட்கருவில் உள்ள மரபணுக்களிலிருந்து, பாதி அப்பா கொடுத்தது. குழந்தைகளுக்கு வரும் மைட்டோகாண்ட்ரியா நோய்களில் பெரும்பகுதி இந்த உட்கரு மரபணுக்களால்தான். பெற்றோர் இருவரிடமும் பழுது மறைந்திருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் 4இல் 1 வாய்ப்பு. சொந்தத்துக்குள் கட்டினால் ஒரே பழுது இரண்டு பக்கமும் இருப்பது சுலபம். அந்தக் குழந்தையின் அப்பா அம்மா சொந்தமா? நீங்கள் எழுதவில்லை. கேட்டால் கோபம் வரும், வரட்டும்.

என் சித்தி தாய்மாமனைக் கட்டிக்கொண்டவள். பிறந்த இரண்டு பிள்ளைகளும் கழுத்து நிற்காமலே போய்விட்டன. என்ன நோய் என்று யாருக்கும் தெரியாது, நானும் இப்போது பெயர் வைக்கப் போவதில்லை. ஆனால் 'அவள் வயிறு சரியில்லை' என்று தீர்ப்பு மட்டும் வந்துவிட்டது. சொன்னது மாமியார், அதாவது சித்தியைப் பெற்றவளைப் பெற்ற பாட்டி. பாட்டியின் ரத்தம்தான் புருஷன், பெண்டாட்டி இருவரிடமும் ஓடியது. சித்தி ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. எனக்கு அதுதான் இன்றும் ஆறவில்லை.

காரணம் கிடைத்திருந்தால், குழந்தையின் மரபணுப் பரிசோதனை ரிப்போர்ட்டில் எந்த மரபணு என்று இருக்கும். பரிசோதனையே செய்யவில்லை என்றால், எதை வைத்து அந்தப் பெண்ணிடம் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள்? ஆமாம், உங்களையும் சேர்த்துத்தான் கேட்கிறேன். ரிப்போர்ட்டை உங்கள் மகளிடம் கொடுங்கள், படித்துச் சொல்வாள். அவளைக் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போங்கள். அடுத்த குழந்தைக்கு முன் மரபணு ஆலோசகரைப் பார்க்கச் சொல்லுங்கள், அப்பாவும் கூடப் போக வேண்டும்.

பிஎச்.டி.க்கு விண்ணப்பம் போடச் சொல்லுங்கள். நீங்கள் யோசித்து முடிப்பதற்குள் கடைசித் தேதி போய்விடும்.