கடைசி இலக்கத்தைப் பார்த்துப் பகா எண் என்று சொல்லிவிடாதீர்கள்

கேள்வி: எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு 429,49,67,297 என்ற எண்ணின் பண்புகளை எழுதி வரும்படி செயல்திட்டம் கொடுத்திருக்கிறார்கள். எழுதித் தரும் கடையில் 300 ரூபாய் வாங்கிக்கொண்டு, 'இது பகா எண்' என்று அச்சடித்துக் கொடுத்தார்கள். அப்படியே ஒட்டி அனுப்பலாமா?

பதில்: அனுப்பாதீர்கள், அம்மா. இது பகு எண், அதாவது 1-ஐயும் தன்னையும் தவிர வேறு காரணிகளும் உள்ள எண். 67,00,417-ஐ 641-ஆல் பெருக்கும்படி மகளிடம் சொல்லுங்கள். கேட்ட எண் அப்படியே வந்து நிற்கும். பணத்தையும் திருப்பிக் கேளுங்கள்.

முப்பத்திரண்டு 2-களைப் பெருக்கி 1 கூட்டினால் வருவது இந்த எண். 2-இன் அடுக்கை 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துப் போய், ஒவ்வொன்றிலும் 1 கூட்டினால் 3, 5, 17, 257, 65,537 கிடைக்கும்; ஐந்துமே பகா எண்கள். அடுத்ததும் அப்படித்தான் என்று 1640-இல் கணித மேதை ஃபெர்மா நம்பினார். 1732-இல் இன்னொரு கணித மேதை ஆய்லர், இதன் காரணியான 641-ஐக் கண்டுபிடித்து அந்த நம்பிக்கையை உடைத்தார்.

'1, 3, 7, 9-இல் முடிந்து, 3, 7, 11-ஆல் வகுபடாவிட்டால் பகா எண்' என்று குறுக்குவழி விற்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். அது 169-க்குக் கீழே மட்டுமே செல்லும். இந்த எண்ணை முறைப்படி சோதிக்க வர்க்கமூலமான 65,536 வரை போக வேண்டும். அதற்குள் 6,542 பகா எண்கள் இருக்கின்றன. நூறு வரை சல்லடை போட்டு (மடங்குகளை அடித்துப் பகா எண்களைப் பிரித்து) எடுக்கக் கற்றுக்கொடுத்துவிட்டுப் பத்து இலக்க எண்ணைக் குழந்தை கையில் கொடுப்பது என்ன நியாயம்? செய்த வழியைக் கேட்காமல் வண்ண அட்டைக்கு மதிப்பெண் போடும் வரை இந்தக் கடைகள் பிழைத்துக்கொண்டுதான் இருக்கும்.

கணினியில் பார்த்ததாகக் கடைக்காரர் சொன்னாலும் விடாதீர்கள். கணினியில் செய்யும் அவசரச் சோதனை ஒன்று உண்டு. எண்ணைவிட ஒன்று குறைவான தடவை 2-ஐப் பெருக்கி, அந்த எண்ணாலேயே வகுப்பார்கள். ஒற்றைப்படைப் பகா எண் என்றால் மீதி 1 வரும். ஆனால் மீதி 1 வந்ததெல்லாம் பகா எண் ஆகாது. 341-க்கும் 1 வருகிறது. அதுவோ 11-ஐ 31-ஆல் பெருக்கியது. உங்கள் எண்ணும் இதே வேடதாரிதான். 2-க்குப் பதில் 3-ஐ வைத்தால் வேடம் கலைந்துவிடும். தேறாத எண் நிச்சயம் பகா எண் அல்ல. தேறிய எண்ணை மறுபடி சோதித்தே ஆக வேண்டும்.

செயல்திட்டத்தில் இவற்றை எழுதலாம்: ஒற்றைப்படை எண்; 1, 641, 67,00,417, அந்த எண் ஆகிய நான்கே காரணிகள்; 65,536, 1 ஆகியவற்றின் வர்க்கங்களைக் கூட்டினாலும், 62,264, 20,449 ஆகியவற்றின் வர்க்கங்களைக் கூட்டினாலும் இதே எண். பகா எண்ணை இப்படி இரண்டு விதமாக எழுத முடியாது. இலக்கங்களைக் கூட்டி 'ராசி எண் 5' என்று ஒரு பத்தி இருந்தால் கிழித்துவிடுங்கள். அது கணிதம் அல்ல.

641 எப்படிக் கிடைத்தது என்று ஆசிரியர் கேட்டால், ஆய்லரின் வழியைச் சொல்லலாம். இந்த எண்ணின் காரணிகளை 64-ஆல் வகுத்தால் மீதி 1 வந்தாக வேண்டும். அப்படிப்பட்ட பகா எண்கள் வரிசையாக 193, 257, 449, 577, 641. முதல் நான்கில் வகுத்தால் மீதி நிற்கும், ஐந்தாவதில் நிற்காது. ஐந்தையும் மகளே வகுத்து, அந்தத் தாளை ஒட்டட்டும்.