பயம் பிடித்து ஆட்டும்போது கடவுளை எப்படி நம்புவது? கோளறு பதிகம் படித்தால் பயம் போகுமா?

கேள்வியைப் பார்த்தால், யாரிடமோ ஜாதகத்தைக் காட்டிவிட்டு வந்த சூட்டோடு கேட்பதுபோல இருக்கிறது. ஏழரைச் சனியோ அஷ்டமச் சனியோ என்று சொல்லியிருப்பார்கள். கூடவே ‘கோளறு பதிகம் படிங்க, சரியாயிடும்’ என்று ஒரு வரி. எப்படிப் படிப்பது என்று மட்டும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அது சம்பந்தர் பாடிய தேவாரம், இரண்டாம் திருமுறையில் 85ஆம் பதிகம். வேதாரண்யத்தில், அன்றைய திருமறைக்காட்டில், சம்பந்தரும் அப்பரும் தங்கியிருக்கிறார்கள். பாண்டிமாதேவி மங்கையர்க்கரசியாரும் அமைச்சர் குலச்சிறையாரும் சம்பந்தரை மதுரைக்கு வரச்சொல்லி ஆள் அனுப்புகிறார்கள். போக வேண்டாம் என்று தடுப்பவர் அப்பர். ‘உறுகோள் தானும் தீய’, கோள்களின் நிலையும் சரியில்லை என்று அவர் சொன்னதாகச் சேக்கிழார் பெரியபுராணத்தில் எழுதுகிறார். நீற்றறைக்குள், அதாவது சுண்ணாம்புக் காளவாய்க்குள், ஏழு நாள் கிடந்து மீண்டவர், ‘அஞ்சுவது யாதொன்றும் இல்லை’ என்று பாடியவர், அவரேதான். தனக்காக வராத பயம் சின்னப் பிள்ளையான சம்பந்தருக்காக வந்துவிட்டது. ஆகவே ‘உனக்கு பக்தி போதவில்லை, அதான் பயப்படுகிறாய்’ என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

அப்பருக்குச் சம்பந்தர் சொன்ன பதில்தான் அந்தப் பதினோரு பாட்டும். கடைசிப் பாட்டைத் தவிர மற்றப் பத்துக்கும் அமைப்பு ஒன்றே. முதல் பாதியில் இறைவனின் கோலம் வரும். முதல் பாட்டில் வேயுறு தோளிபங்கன் (மூங்கில் போன்ற தோளுடைய உமையை ஒரு பாகமாகக் கொண்டவன்), விடமுண்ட கண்டன் (நஞ்சுண்ட கழுத்தன்), கையில் வீணை, முடிமேல் திங்களும் கங்கையும். அடுத்து ‘என் உளமே புகுந்த அதனால்’. அதற்குப் பிறகுதான், பெரும்பாலான பாட்டுகளில், பயப்பட வேண்டியவற்றின் பட்டியல். முடிவில் ‘நல்லநல்ல’, அவை நல்லவையே என்று. பெரும்பாலோர் தப்பு செய்வது இந்த முதல் பாதியில்தான். ஞாயிறு திங்கள் செவ்வாய்க்குப் போய்ச் சேரும் அவசரத்தில் கோலத்தை விழுங்கிவிடுவார்கள். அவை நல்லவை ஆவதற்கான காரணம் அங்கேதான் இருக்கிறது. ‘அதனால்’ என்ற சொல்லுக்கு முன்னால். அந்த இடத்தில் ஒரு மூச்சு நிறுத்துங்கள். ஒரு பாட்டுக்கு முக்கால் நிமிடம், மொத்தத்துக்கு எட்டு ஒன்பது நிமிடம் ஆகலாம். நாலு நிமிடத்தில் முடிந்தால் ஓடியிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

சொல் பிரிப்பதிலும் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். சீர் பிரித்து அச்சடித்த புத்தகத்தில் ‘இரண்டு முடனே’ என்று இருக்கும். அது ‘பாம்பு இரண்டும் உடனே’, ராகுவும் கேதுவும். இரண்டாம் பாட்டில் ‘எருதேறி ஏழையுடனே’ என்று வரும் ஏழை காசில்லாதவர் அல்ல, உமை. நாலாம் பாட்டில் ‘அங்கி’ என்றால் நெருப்பு. ஆறாம் பாட்டில் கோளரி சிங்கம், உழுவை புலி, கேழல் பன்றி. பொருள் தெரியாமல் நூற்றெட்டு முறை ஓடுவதைவிடப் பொருள் தெரிந்து ஒரு முறை போதும். (இதற்கே சண்டைக்கு வருவார்கள். தெரியாமல் ஓதினால் பலன் இல்லை என்று நான் சொல்லவில்லை. பயத்தில் இருப்பவருக்குப் பொருள் கைப்பிடிபோல உதவும் என்கிறேன், அவ்வளவுதான்.)

ஏழாம் பாட்டைக் கொஞ்சம் நின்று பாருங்கள். ‘வெப்பொடு குளிரும் வாதம் மிகையான பித்தும் வினையான வந்து நலியா’. வரவே வராது என்று அவர் பாடவில்லை. வந்து நலியா, வந்தாலும் வருத்தாது. எட்டாம் பாட்டிலும் ‘இடரான வந்து நலியா’. பதினோராவதிலும் கோளும் நாளும் ‘வந்து நலியாத வண்ணம்’ என்றே வரும். இதைப் பாடிவிட்டு மதுரைக்குப் போன சம்பந்தர் தங்கிய மடத்துக்கு இரவில் தீ வைத்தார்கள் என்கிறது பெரியபுராணம். அப்போது அவர் பாடியது ‘ஐயனே அஞ்சல் என்றருள் செய்யெனை’. எல்லாம் நல்லநல்ல என்று பாடிய வாய்தான் ‘பயப்படாதே என்று எனக்குச் சொல்’ என்று கேட்கிறது. பதிகம் படித்தும் கஷ்டம் வந்துவிட்டதே, பொய்யா என்று கேட்பவர்கள் இந்த இடத்தைப் படிக்க வேண்டும்.

செய்முறைக்கு வருகிறேன். ஓதுவதற்கு முன் ஒரு தாளில் பயத்தை ஒரே வரியில் எழுதுங்கள். ‘அஷ்டமச் சனி’ என்று எழுதக் கூடாது. அதற்குள் இருப்பதை எழுத வேண்டும்: ‘வியாழக்கிழமை ஸ்கேன் ரிப்போர்ட்’, ‘மூன்று மாதமாக வீட்டுக்கடன் தவணை கட்டவில்லை’. சம்பந்தரும் கோள், நாள், காலன், இடி, யானை, காய்ச்சல் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லித்தான் பாடுகிறார். நாளுக்கு ஒரு பாட்டாகப் பதினோரு நாளில் மனப்பாடம் ஆகிவிடும். ஆஸ்பத்திரி வராந்தாவில் கை நடுங்கும்போது முழுப் பதிகமும் ஓடாது. முதல் பாட்டு மட்டும், உதடு அசைகிற வேகத்தில். ஓதி முடித்ததும், அந்தத் தாளில் எழுதியதில் உங்களால் செய்யக்கூடிய வேலையை, வங்கிக்குப் போவதோ மருத்துவரைப் பார்ப்பதோ, அன்றே செய்துவிடுங்கள். வாரக்கணக்கில் தூக்கமில்லை, நெஞ்சு படபடக்கிறது என்றால் மருத்துவரிடம் போவது நம்பிக்கைக் குறைவு ஆகாது.

பதினோரு பேருக்கு அனுப்பு என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் படத்தை அழித்துவிடுங்கள். அதில் முதல் பாட்டின் கடைசி வரியே ‘மாசறு நல்ல’ என்று இருக்கும், சரி ‘ஆசறு’. பரிகாரத்துக்கு ரசீது கிழிக்க ஆள் இருக்கிறது, தேவாரம் பாட ஓதுவார் இல்லாத சிவன் கோயில்கள் எத்தனை! உங்கள் ஊரில் ஒருவர் இருந்தால் அவரிடம் போய்ப் பாடம் கேளுங்கள். பண் பியந்தைக்காந்தாரம், நவரோஸ் ராகத்தில் பாடுவார். ராகம் வராவிட்டால் வாசித்தாலே போதும், ‘அதனால்’ வரும் இடத்தில் மட்டும் நிறுத்தி.