லயக் காம்பிராவில் ஒரு பிணம், ஒரு காதல்: மலையகத்தில் கருநகைச்சுவைக் குறும்படம் எடுப்பது எப்படி?

கேள்வி: இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் நாங்கள் ஐந்து பேர் இருக்கிறோம். ஒரு கெமரா இருக்கிறது, காசு அதிகம் இல்லை. காதலும் சாவும் சிரிப்பும் கலந்த 20 நிமிடப் படம் ஒன்றை லயத்திலேயே (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) எடுக்க ஆசை. எங்கிருந்து தொடங்குவது? எது எது கெட்டுப்போகும்?

பதில்:

கெமராவை இப்போதைக்குப் பெட்டியில் வையுங்கள். இந்த வகைப் படத்தில் சிரிப்பு வசனத்தில் வராது, வேலையில்தான் வரும். காதலர் இருவருக்கும் செய்தே ஆக வேண்டிய கேவலமான வேலை ஒன்று இருக்க வேண்டும். அதைச் செய்துகொண்டே அவர்கள் தங்கள் சண்டையைப் போட வேண்டும். தியாகராஜன் குமாரராஜாவின் 'சூப்பர் டீலக்ஸ்' (2019) படத்தில் மனைவியின் பழைய காதலன் வீட்டிலேயே செத்துப்போவான். பிணத்தை ஃபிரிட்ஜுக்குள் திணித்துவிட்டு, புருஷனும் பொண்டாட்டியும் கல்யாண வாழ்க்கையின் கணக்கைத் தீர்த்துக்கொண்டிருப்பார்கள். சிரிப்பு பிணத்தைப் பற்றிய பகிடியில் அல்ல, அந்தக் கணக்கில்தான் வருகிறது. அந்தத் திரைக்கதையில் குமாரராஜாவோடு மிஷ்கின், நலன் குமாரசாமி, நீலன் கே. சேகர் ஆகியோரும் எழுதினார்கள். ஐந்து பேர் கூடிய உங்களுக்கு அது நல்ல முன்மாதிரி. ஒருவர் எழுதி நால்வர் தலையாட்டுவதைவிட, ஆளுக்கொரு காட்சியை எழுதி ஒருவர் கோர்ப்பது நல்லது.

இங்கிலாந்தின் 'சைட்சீயர்ஸ்' (2012) இன்னொரு வழி. அலிஸ் லோவும் ஸ்டீவ் ஓராமும் அந்தக் கொலைகாரக் காதல் ஜோடியை முதலில் மேடையில் நடித்துப் பழகினார்கள். தொலைக்காட்சிக்காரர்கள் கதை ரொம்ப இருட்டு என்று தள்ளிவிட்டார்கள். பிறகு பென் வீட்லியின் இயக்கத்தில் அது படமானது, எழுத்தும் நடிப்பும் அவர்கள் இருவருடையதுதான். நீங்கள் எடுக்க வேண்டிய பாடம், எழுதுமுன் ஜோடியைப் பழக்குவது. தெரிந்த நாலு பேர் முன்னால் உங்கள் நடிகர் இருவரும் பதினைந்து நிமிடம் உட்கார்ந்து, அந்தப் பாத்திரங்களாகவே கறிக்கு உப்புப் பத்தாதது பற்றிச் சண்டை பிடிக்கட்டும். அதற்குச் சிரிப்பு வராவிட்டால் பிணம் வந்தும் வராது.

இதெல்லாம் வெளியூர்ச் சரக்கு என்று யாராவது சொன்னால் மாசி மாதக் காமன் கூத்தைக் காட்டுங்கள். காதலித்த மன்மதன் எரிகிறான், ஆண் ஒருவர் ரதியாக வேடம் கட்டி ஒப்பாரி வைக்கிறார், தப்பு (பறை) அடி நிற்பதில்லை. அதைச் சுற்றி நின்று அழுகிற சனம்தான் வேடிக்கை வேடம் வரும்போது சிரிக்கவும் செய்கிறது. உங்கள் பார்வையாளர் ஏற்கெனவே பழகியவர்கள்.

உதாரணத்துக்கு ஒரு கதை. அன்றிரவு நைட் மெயிலில் கொழும்புக்கு ஓடிப்போக ஒரு ஜோடி முடிவு செய்திருக்கிறது. பெண்ணின் அம்மாயிக்கு (அம்மாவின் அம்மாவுக்கு) மட்டும் விஷயம் தெரியும். விடியற்காலை ஐந்து மணிக்கு அம்மாயி போய்ச் சேர்ந்துவிடுகிறார். சாவு வெளியில் தெரிந்தால் தப்பு அடிப்பார்கள், மரண சகாயச் சங்கத்தார் வருவார்கள், இஸ்தோப்பு (முன் திண்ணை) முழுக்க ஆள் நிறையும், ராத்திரி யாரும் கண் மூடமாட்டார்கள். ஆகவே ரயில் வரும்வரை அம்மாயி உயிரோடு இருக்க வேண்டும். அவருக்குத் தேத்தண்ணி போக வேண்டும், காலிக் கோப்பை திரும்பி வர வேண்டும். அதைக் குடிப்பது பையன். மத்தியானத்துக்குள் அவனுக்கு வயிறு முட்டிவிடும், காம்பிராவை (அறையை) விட்டு வெளியே போகவும் முடியாது.

உடல் விஷயங்களைச் சரியாகப் படித்துக்கொள்ளுங்கள், கதையே அதிலிருந்து ஓடும். செத்து இரண்டு முதல் நான்கு மணித்தியாலத்தில் தாடையும் கழுத்தும் விறைக்கத் தொடங்கும். ஏறத்தாழ பன்னிரண்டு மணித்தியாலத்தில் உடல் முழுதும் விறைத்துவிடும். குளிர் இதைத் தாமதப்படுத்தும். செத்தவர்களுக்குத் தாடையைத் துணியால் கட்டுவதும் கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டுவதும் நம் வழக்கம். இங்கே அம்மாயி "உயிரோடு" இருப்பதால் கட்ட முடியாது, வாய் திறந்தபடி விறைக்கும். எட்டிப் பார்ப்பவர்களுக்காகக் கம்பளி போர்த்திக் கதிரையில் உட்கார வைத்தால், பொழுது சாயும்போது படுக்க வைக்க முடியாது. உட்கார்ந்த அம்மாயியை எப்படிக் கிடத்துவது? உச்சக் காட்சி அதுதான். அவர்களுக்குள் முதல் உண்மையான சண்டையும் அங்கேதான் வர வேண்டும், ஆளுக்கொரு காலைப் பிடித்துக்கொண்டு.

எல்லை ஒன்று வேண்டும். காதலரின் பொய் சிரிப்புக்குரியது. அம்மாயியின் சாவும், அரைப்பேர் (அரை நாள் வேலை) போட்டதால் குறைந்த சம்பளமும், ஒழுகும் கூரையும் சிரிப்புக்குரியவை அல்ல. கொழும்பில் திரையிடும்போது மலையகப் பேச்சைக் கேட்டே சிரிக்கிற கூட்டம் ஒன்று உண்டு. அந்தச் சிரிப்பை எதிர்பார்த்து ஒரு வரிகூட எழுதாதீர்கள். சென்னைப் படப் பேச்சும் வேண்டாம். கங்காணி, கணக்கப்பிள்ளை, பெரட்டு (காலை ஆள் கணக்கெடுப்பு), கொழுந்து என்று வீட்டில் பேசுகிறபடியே பேசட்டும்.

இனிச் செலவு. கையிலிருக்கும் காசில் பெரிய பங்கை ஒலிக்கு வையுங்கள். காரணம் கதையிலேயே இருக்கிறது. பல பழைய லயங்களில் காம்பிராக்களுக்கு இடையிலான சுவர் கூரையைத் தொடாது. பக்கத்துக் காம்பிரா இருமல் இங்கே கேட்கும், இங்கே கிசுகிசுத்தது அங்கே கேட்கும். ஒளிப்பதற்கு இடமே இல்லாத ஊரில் ஒளித்துச் செய்யும் காதல்தான் உங்கள் படம். கிசுகிசுப்பு தெளிவாகப் பதியவில்லை என்றால் படம் இல்லை. டப்பிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். மூச்சை அடக்குவது, சொல்ல வந்ததை விழுங்குவது, அரை வினாடி தயங்குவது எல்லாம் டப்பிங்கில் செத்துப்போகும், சிரிப்பு இருப்பதோ அந்த அரை வினாடியில்தான்.

நடிகர் இருவருக்கும் ஆளுக்கொரு சட்டை மைக், கெமராச் சட்டத்துக்கு (ஃபிரேமுக்கு) வெளியே தலைக்கு மேலே ஒரு நீள மைக், ஒரு ரெக்கோர்டர். 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட்டில் பதியுங்கள். உச்ச அளவு மைனஸ் 12 டெசிபல் அளவில் நிற்கட்டும், திடீரென்று கத்தினாலும் உடையாது. நைலோன் சேலை மைக்கில் உரசிக் கரகரக்கும், பருத்தியும் கம்பளிச் சுவெட்டரும் பரவாயில்லை. மைக் வயரை மருந்துக்கடைப் பிளாஸ்டரால் உடம்போடு ஒட்டி, ஒரு சிறு சுற்று விட்டு வையுங்கள். ஒவ்வோர் இடத்திலும் எல்லாரும் வாயை மூடி ஒரு நிமிடம் வெறும் அறைச் சத்தத்தைப் பதியுங்கள். இதை மறந்த படத்தில் ஒவ்வொரு வெட்டிலும் சத்தம் துள்ளும்.

எதிரி மழை. தகரத்தில் விழும் மழையை எந்த மென்பொருளும் முழுதாக எடுக்காது. தூறல் என்றால் கூரைமேல் பழைய சாக்கை இரண்டு மடிப்பாக விரித்துப் பாருங்கள், துளி தகரத்தில் நேரே விழாமல் சத்தம் அமுங்கும். பெருமழைக்கு அது காணாது. அப்போது வசனம் இல்லாத ஷொட்களை எடுத்துவிட்டு, மழை விட்டதும் அதே அறையில், அதே மைக்கில், அதே உடையில் வசனத்தை மட்டும் தனியாகப் பேச வைத்துப் பதியுங்கள். இரண்டு காட்சிகளில் மழையைக் கதைக்குள்ளேயே எழுதிவைப்பது இன்னும் நல்லது. மழை கொட்டும்போது மட்டும்தான் அந்த ஜோடி வாய்விட்டுச் சண்டை போடலாம், மழை நின்றதும் பாதி வசனத்தில் குரல் இறங்க வேண்டும்.

மேற்குச் சரிவில், அதாவது ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா பக்கம், மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவ மழை. கிழக்கே ஊவாப் பக்கம் அப்போது பெரும்பாலும் காய்ந்திருக்கும். உங்களுக்கு ஜனவரி முதல் மார்ச் வரை வசதி, இரண்டு இடைஞ்சலோடு: சிவனொளிபாதமலைப் பருவம் டிசம்பரிலிருந்து மே வரை ஓடுவதால் போயாவுக்கும் (பௌர்ணமி விடுமுறைக்கும்) வார இறுதிக்கும் மஸ்கெலியா வீதி நெரியும். மாசியில் தப்புக்காரர்களைக் கூத்து பிடித்துக்கொள்ளும். நாளுக்குள் நேரம் பார்த்தால், பெரட்டு முடிந்து சனம் மலைக்குப் போன பிறகு, காலை எட்டிலிருந்து பதினொன்றரை வரை லயம் அமைதி. கிசுகிசுப்புக் காட்சிகளை அதற்குள் முடியுங்கள். பின்னேரம் நாலரைக்குப் பிறகு டிவி, பிள்ளைகள், கோயில் ஸ்பீக்கர் என்று ஒன்றும் நடக்காது.

படப்பிடிப்பு பற்றிச் சுருக்கமாக. பழைய காம்பிரா பத்துக்குப் பன்னிரண்டு அடி. முழுச் சட்ட (ஃபுல் ஃபிரேம்) கெமராவில் 24 அல்லது 28 மில்லிமீற்றர், சிறிய சென்சரில் 16 அல்லது 18 மில்லிமீற்றர் லென்ஸ் போதும். கெமராவை வாசற்படியில் வைத்து மூன்று பேரையும் (அம்மாயியையும் சேர்த்துத்தான்) ஒரே சட்டத்தில் நிறுத்துங்கள். முகத்துக்கு முகம் வெட்டினால் பின்னால் கம்பளி வழுக்குவதை யாரும் பார்க்கமாட்டார்கள். நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். வினாடிக்கு 25 சட்டம், ஷட்டர் 50இல் ஒரு பங்கு என்று வையுங்கள். 30 சட்டம், 60இல் ஒரு பங்கு என்று வைத்தால் டியூப் லைட்டும் மலிவு எல்.இ.டி. பல்பும் சட்டத்தில் துடிக்கும். லயத்து வயரிங்கில் ஆயிரம் வாட் ஹலஜன் மாட்டாதீர்கள், லயமே இருட்டாகும். இரண்டு சிறிய எல்.இ.டி. பனல், ஒரு வெள்ளைத் துணி போதும்.

மூடுபனி வந்து போவதால் வெளிக்காட்சிகள் ஒட்டாது. தூரக் காட்சியை முதலில், பனி இறங்குமுன் எடுத்துவிடுங்கள். கிட்டக் காட்சிக்குப் பனி தடையில்லை. குளிரில் கிடந்த கெமராவை அடுப்படிக்குள் கொண்டுபோனால் லென்ஸ் வியர்க்கும். பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி அரை மணித்தியாலம் உள்ளே வைத்துவிட்டுத் திறவுங்கள்.

பிணமாக நடிப்பதுதான் படத்தின் கடினமான வேடம், அதை யாரோ ஒரு பாட்டியிடம் கடைசி நேரத்தில் ஒப்படைக்காதீர்கள். மூச்சை இழுத்து வைத்துக்கொண்டால் நெஞ்சு நடுங்கும். மெதுவாக விட்டுவிட்டு அடக்கச் சொல்லுங்கள். ஷொட் பத்துப் பதினைந்து வினாடிக்கு மேல் போகக் கூடாது. நுவரெலியா, கந்தப்பளைக் குளிரில் வேறொரு வில்லங்கம்: செத்தவர் வாயிலிருந்து ஆவி வரும். டேக்குக்குச் சற்று முன் சிறு ஐஸ் துண்டை வாயில் வைத்துத் துப்பினால் கொஞ்ச நேரம் ஆவி தெரியாது. நடிகர் வயதானவர் என்றால் ஐஸ் வேண்டாம், அந்த ஷொட்டை வெயில் ஏறிய பிறகு எடுங்கள். எழுந்ததும் பூசணிக்காய் உடைத்துத் திருஷ்டி கழித்துவிடுங்கள். நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, அதைச் செய்யாவிட்டால் அடுத்த நாள் அவர் வீட்டார் விடமாட்டார்கள்.

அனுமதிக்கு மூன்று வாசல் ஏற வேண்டும். 1992 முதல் பெரும்பாலான தோட்டங்கள் கம்பனிகளின் நிர்வாகத்தில் இருக்கின்றன. தொரையிடம் (தோட்ட முகாமையாளரிடம்) எழுத்தில் கேளுங்கள், திகதியும் ஆள் எண்ணிக்கையும் எழுதுங்கள். அதோடு கோயில் கமிட்டியிடமும், அந்த லயத்தில் குடியிருப்பவர்களிடம் ஒவ்வொரு வாசலிலும் சொல்ல வேண்டும். சவப்பெட்டியை முன்னறிவிப்பில்லாமல் லயத்துக்குள் தூக்கிக்கொண்டு போனால் பத்து நிமிடத்தில் பக்கத்து டிவிஷனிலிருந்து (தோட்டப் பிரிவிலிருந்து) அழுதுகொண்டு ஆள் வரும். சாவுக்கு அடிக்கும் தப்பை லயத்துக்குப் பக்கத்தில் பதியவே வேண்டாம், ஸ்கூல் மண்டபம் போல் தள்ளி ஓரிடத்தில் பகலில் பதியுங்கள். ட்ரோன் பறக்கவிடச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் அனுமதி வேண்டும், ஆனால் இந்தப் படத்துக்கு ட்ரோன் எதற்கு? ரயிலும் அப்படித்தான். ஸ்டேஷனில் படம் எடுக்க ரயில்வே திணைக்களம்வரை போக வேண்டும். நீளமான அட்டையில் ஜன்னல் ஜன்னலாக வெட்டி, அதன் பின்னால் லைட்டைப் பிடித்துக்கொண்டு அட்டையை இழுத்தால் சுவரில் ரயில் போகும். சத்தத்தை மட்டும் தண்டவாளத்துக்குத் தள்ளி நின்று பதிந்து வாருங்கள்.

படத்தைக் காட்டுமுன் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் சப்டைட்டில் போடுங்கள். மலையகத்தில் நடக்கும் பிரசன்ன விதானகேயின் 'பரடைஸ்' (2023) தென் கொரியாவின் பூசான் திரைப்பட விழாவில் விருது வாங்கியது, அங்கிருந்த பலர் அதை எழுத்தில் படித்துத்தான் பார்த்திருப்பார்கள். ஒரு தடவைக்கு இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். சிரிப்புச் சொல் வசனத்தின் கடைசியில் இருந்தால் அதைத் தனிச் சப்டைட்டிலாகப் பிரித்து, நடிகர் வாயைத் திறக்கும் சட்டத்தில் வையுங்கள். சேர்த்துப் போட்டால் பார்ப்பவர்கள் அம்மாயி விழுமுன்பே சிரித்து முடித்துவிடுவார்கள்.