இன்டீரியர் டிசைன் படிக்கும் மாணவர், வேலைக்குத் தயாராக எதையெல்லாம் கற்றுக்கொள்ள வேண்டும்?

மூன்றாம் ஆண்டில் இருப்பதாகவும், வகுப்புத் தோழர்கள் எல்லோரும் அறையை நிஜப் புகைப்படம்போலக் காட்டும் ரெண்டரிங் மென்பொருள்களின் பின்னால் ஓடுவதாகவும், எது தெரிந்தால் வேலை கிடைக்கும் என்பது புரியவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். நான் கோயம்புத்தூரில் 13 ஆண்டுகளாக வீடுகளுக்கும் சிறு கடைகளுக்கும் உள்வேலை செய்துவருகிறேன். பயிற்சிக்கு வரும் மாணவர்களிடம் நான் பார்ப்பது ஒன்றைத்தான். அவர்கள் வரைந்த தாளைக் கையில் வாங்கும் ஆசாரி, சந்தேகம் கேட்க ஒருமுறைகூடப் போன் செய்யாமல் வேலையை முடிக்க முடியுமா? முடியும் என்றால் அந்த மாணவர் வேலைக்குத் தயார்.

நான் அப்படித் தயாராக இருக்கவில்லை. முதல் வேலையில் சேர்ந்த மூன்றாவது மாதம், இரண்டு சுவர்களுக்கு நடுவே பொருந்த வேண்டிய துணி அலமாரி ஒன்றை என்னிடம் கொடுத்தார்கள். தரையோடு டேப்பை வைத்து அளந்தேன். சரியாக ஆறடி. ஆறடிக்கே வரைந்து அனுப்பினேன். பெட்டி செய்து வந்தது. நிமிர்த்தித் தள்ளினால் அடியில் நுழைகிறது, மேலே இடிக்கிறது. பரண் உயரத்தில் சுவர் ஆறு நூல் உள்ளே வந்திருந்தது. பக்கப் பலகையைக் கழற்றி, அறுத்து, மேலே ஒட்டும் லேமினேட் தகட்டை மறுபடி ஒட்டி முடிக்க இரண்டு நாள் ஆயிற்று. வீட்டுக்காரர் அந்த இரண்டு நாளும் அங்கேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மரவேலை செய்த பெரியவர் என்னைத் திட்டவில்லை. "கண்ணு, சுவர் நேராக இருக்கும் என்று உனக்கு யார் சொன்னது?" என்று மட்டும் கேட்டார். பிறகு தூக்குக்குண்டை மேலிருந்து விட்டுக் காட்டினார். அன்று அவர் சொன்னபடிதான் இன்றும் அளக்கிறேன்: கீழே, இடுப்பு உயரத்தில், மேலே என்று மூன்று இடத்தில் அளவெடுத்து, இருப்பதில் சிறியதை எழுத வேண்டும். அறையின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக வராவிட்டால் அறை கோணல். பெட்டியைச் சற்றுக் குறைத்துச் செய்து, மிச்ச இடைவெளியைச் சுவரின் வளைவுக்கேற்பச் செதுக்கிய பட்டியால் மூட வேண்டும். இதை எந்த மென்பொருளும் உங்களுக்குச் சொல்லித் தராது. அதில் எல்லாச் சுவரும் நேராகத்தான் நிற்கும்.

நூல் என்றேனே, அதையும் தெரிந்துகொள்ளுங்கள். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்குதான் ஒரு நூல்; மூன்று மில்லிமீட்டரைவிடக் கொஞ்சம் அதிகம். கல்லூரியில் மில்லிமீட்டரில் வரைவீர்கள். தொழிற்சாலையில் செய்யும் மாடுலர் வேலைக்கும் அதுதான் மொழி. ஆனால் வேலை நடக்கும் இடத்தில் ஆசாரியும் கொத்தனாரும் அடி, அங்குலம், நூல் என்றுதான் பேசுவார்கள். ராஜஸ்தானிலிருந்தோ உத்தரப் பிரதேசத்திலிருந்தோ வந்த தச்சர்கள் இதே அளவை 'சூத்' என்பார்கள். அதற்கும் நூல் என்றுதான் பொருள். இந்தியில் எண்களும் அளவுச் சொற்களும் தெரிந்தால் போதும், அவர்களோடு வேலை வாங்கலாம். 600 மி.மீ. என்றால் ஏறத்தாழ இரண்டடி, 850 மி.மீ. என்றால் இரண்டே முக்காலடிக்கு நான்கு நூல் போல அதிகம் என்று மனம் உடனே சொல்ல வேண்டும். கணக்குப்பொறியை எடுக்கும் நேரத்தில் ஆசாரி பலகையை அறுத்துவிடுவார்.

அடுத்தது விலை. கல்லூரிகள் இதைக் கிட்டத்தட்டத் தொடுவதே இல்லை என்பது என் பெரிய வருத்தம். ஒரு எளிய கணக்குப் பாருங்கள். ஏழடி உயரம், ஆறடி அகலம், இரண்டடி ஆழத்தில் ஓர் அலமாரி. பிளைவுட் பலகை ஒன்று எட்டுக்கு நான்கு அடி. செங்குத்துப் பலகைகள் நான்கு, ஒவ்வொன்றும் ஏழுக்கு இரண்டு. ஒரு பலகையில் இரண்டு கிடைக்கும், ஆக இரண்டு பலகைகள். மேல் மூடியும் அடிப்பலகையும் ஆறுக்கு இரண்டு. ஒரே பலகையில் இரண்டும் வந்து, இரண்டு தட்டுகளுக்கும் துண்டு மிஞ்சும். கதவுகள் மூன்று, அதற்கு ஒன்றரைப் பலகை, மிச்சப் பாதியில் இன்னும் நான்கு தட்டுகள். மொத்தம் 18 மி.மீ. பலகை ஐந்து. முதுகுக்கு 6 மி.மீ. பலகை தனி. இப்போது படம் அழகாகத் தெரிகிறது என்று ஆழத்தை இரண்டடி இரண்டு அங்குலம் ஆக்குங்கள். ஒரு பலகையில் இனி இரண்டு துண்டு வராது. செங்குத்துக்கு மட்டும் நான்கு பலகை, மேலும் கீழும் சேர்த்து இரண்டு, கதவுக்கு இரண்டு. ஐந்து எட்டாகிவிட்டது. இரண்டு அங்குலத்துக்காக மூன்று பலகையின் விலையை யாரோ ஒருவர் தன் சேமிப்பிலிருந்து கொடுக்கிறார். நேர்காணலில் இந்தக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டிய மாணவியை, அவருடைய ரெண்டர் படங்களைப் பார்க்காமலேயே நான் எடுத்துக்கொண்டேன்.

பொருள்களைக் கடையில் போய்த் தொட்டுப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். பிளைவுட்டில் ஐ.எஸ். 303 என்றும் ஐ.எஸ். 710 என்றும் இந்தியத் தர எண் முத்திரை இருக்கும். முதலாவது வீட்டுக்குள் பொதுவான வேலைக்கு, இரண்டாவது தண்ணீர்ப் புழக்கத்தைத் தாங்கும் மரைன் வகை. பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் எதை வைக்கச் சொல்வீர்கள், படுக்கையறையில் எது போதும் என்று காரணத்தோடு சொல்லத் தெரிய வேண்டும். கீல், இழுப்பறை ஓடும் டிராயர் சேனல், பலகையின் விளிம்பை மூடும் எட்ஜ் பேண்டிங் ஆகியவற்றின் மாதிரிகளை வாங்கி உங்கள் மேசையில் வைத்திருங்கள். கதவுக்குள் வட்டக் குழி எடுத்துப் பதிக்கும் கப் கீலின் குழி விட்டம் 35 மி.மீ. என்று படித்தால் மறந்துவிடும். ஒருமுறை ஆசாரி அருகில் நின்று அந்தக் குழி எடுப்பதைப் பார்த்தால் மறக்காது.

மென்பொருள் வேண்டாம் என்று சொல்லவில்லை. வரைபடத்துக்கு ஆட்டோகேடும் முப்பரிமாண மாதிரிக்கு ஸ்கெட்ச்அப்பும் கை பழகியிருக்க வேண்டும். ரெண்டரிங்குக்கு ஏதாவது ஒன்று போதும். ஆட்டோகேடைச் செய்யும் ஆட்டோடெஸ்க் நிறுவனம் மாணவர்களுக்குத் தன் மென்பொருள்களை இலவசமாகத் தருகிறது, கல்லூரியில் இருக்கும்போதே பயன்படுத்திக்கொள்ளுங்கள். அவ்வளவுதான்.

உங்கள் வேலைகளைத் தொகுத்துக் காட்டும் போர்ட்ஃபோலியோ பற்றித் தனியாகக் கேட்டிருந்தீர்கள். எனக்கு வருகிற போர்ட்ஃபோலியோக்களில் பாதி ஒரே சமையலறைதான்: வெள்ளைக் கல், தொங்கும் விளக்கு, நடுவே தீவு மேடை. கிரைண்டர் எங்கே என்று கேட்டால் பதில் இல்லை. சிலிண்டர் எங்கே, 20 லிட்டர் தண்ணீர் கேனை யார் எங்கே தூக்கி வைப்பார்கள், இட்லிப் பானை எந்தத் தட்டில் நுழையும்? இந்த ஊர்ச் சமையலறைக்கு இவையெல்லாம்தான் முதல் கேள்விகள். உங்கள் அம்மாவோ பாட்டியோ சமைக்கும்போது ஒரு காலை முழுவதும் ஓரமாக நின்று பாருங்கள். எத்தனை முறை குனிகிறார், எதை எடுக்க எக்கி நிற்கிறார், மாவு அரைத்த பிறகு கல்லை எங்கே கழுவுகிறார் என்று எழுதுங்கள். என் அம்மாவின் முழங்கை உயரத்தை அளந்து பார்த்தபோதுதான், எல்லா வீட்டுக்கும் நான் கண்ணை மூடிக்கொண்டு போட்டுவந்த 850 மி.மீ. மேடை அவருக்கு உயரம் என்று தெரிந்தது. வெகுநாளாகத் தோள் வலி என்று சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். அப்படிக் கவனித்துத் திருத்திய ஒரு சமையலறை, பழைய அளவுகளோடும் புதிய அளவுகளோடும், உங்கள் போர்ட்ஃபோலியோவின் முதல் பக்கத்தில் இருக்கட்டும். மொத்தம் நான்கு வேலைகள் போதும். ஒன்றிலாவது இணைப்பு விவரம் வரைந்த தாள் இருக்க வேண்டும்: பலகை எங்கே பலகையைச் சந்திக்கிறது, லேமினேட் எங்கே முடிகிறது, கீல் எந்தப் பக்கம். குழுவாகச் செய்ததில் உங்கள் பங்கு எது என்பதை வெளிப்படையாக எழுதுங்கள். அடுத்தவர் வரைந்ததைத் தன்னுடையது என்று காட்டுகிறவரை இரண்டு கேள்வியில் கண்டுபிடித்துவிடுவோம்.

பயிற்சிக்கு எங்கே சேர்வது? பெரிய பெயருள்ள அலுவலகத்தில் ஆறு மாதம் நிறம், துணி, பொருள் மாதிரிகளை ஒட்டிக் காட்டும் மூட் போர்டு மட்டும் ஒட்டுவதைவிட, வாரத்தில் மூன்று நாள் வேலையிடத்துக்கு அனுப்பும் சிறிய அலுவலகம் மேல். சேரும் முன்பே இதைக் கேளுங்கள், கேட்பதில் தவறில்லை. பயணப்படி தருவார்களா என்றும் கேளுங்கள். வேலையிடத்துக்குப் போவது உங்கள் கைக்காசில் என்றால் வசதியில்லாத மாணவர்கள் முதல் மாதத்திலேயே நின்றுவிடுகிறார்கள். அது நம் தொழிலுக்குத்தான் இழப்பு. உள்ளே போனபின் ஒரு பழக்கத்தை விடாதீர்கள். வீட்டுக்காரரோடு பேசி முடித்த அன்று மாலையே, என்ன முடிவாயிற்று, எது மாறியது, அதனால் எவ்வளவு கூடும் அல்லது குறையும் என்று நான்கு வரி எழுதி அவருக்கும் உங்கள் மேலாளருக்கும் அனுப்புங்கள். தமிழில் எழுதினாலும் சரிதான். ஆங்கிலம் தடுமாறுகிறது என்று பயப்படும் கிராமத்து மாணவர்கள் இதைச் செய்தே அலுவலகத்தின் நம்பிக்கையைப் பெற்றதைப் பார்த்திருக்கிறேன்.

கடைசியாகச் சான்றிதழ் பற்றி. கட்டடக் கலைஞர்களுக்கு 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டடக்கலை கவுன்சிலில் பதிவு கட்டாயம்; அது இல்லாமல் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள முடியாது. இன்டீரியர் டிசைனருக்கு இந்தியாவில் அப்படியொரு சட்டப் பதிவு கிடையாது. அதனால் பட்டயம், பட்டம் எதுவானாலும் மனம் தளர வேண்டாம். சுவரை இடிப்பது, தூணைத் தொடுவது போன்றவற்றில் மட்டும் கட்டமைப்புப் பொறியாளரைக் கேட்காமல் ஒரு கோடுகூட வரையாதீர்கள்.

இந்த வாரமே தொடங்க வேண்டுமானால், ஐந்து மீட்டர் டேப் ஒன்றை வாங்கி உங்கள் விடுதி அறையை அளந்து வரையுங்கள். ஒவ்வொரு சுவரையும் மூன்று உயரத்தில், மூலைவிட்டங்களோடு. எத்தனை நூல் கோணல் என்று வருகிறதோ அதை எனக்கு எழுதுங்கள். அந்த அறைக்கு ஒரு புத்தக அலமாரியை எத்தனை பலகையில் முடிக்கலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.