ஒருவர் இறந்த பிறகு அவருக்குத் தரும் 'போஸ்துமஸ் அவார்டு' (posthumous award) என்பதை 'மரண விருது' என்று எழுதலாமா?

வேண்டாம். மரணத்தையே யாரோ மேடையில் சால்வை போர்த்திக் கொடுத்ததுபோல் இருக்கிறது.

நானும் இந்தச் சொல்லிடம் தோற்றவன்தான். ஒரு மொழிபெயர்ப்பில் 'அவருடைய மரணத்துக்குப் பிந்தைய மகன்' என்று எழுதிக் கொடுத்தேன். மெய்ப்புப் பார்த்தவர் ஓரத்தில் 'பேயா?' என்று மட்டும் குறித்து அனுப்பினார். மூலத்தில் இருந்தது, தந்தை இறந்த பிறகு பிறந்த பிள்ளை.

பழைய பொருளும் கிட்டத்தட்ட அதுதான். இலத்தீனில் 'போஸ்துமுஸ்' என்றால் கடைசியானது. கடைக்குட்டியையும், தகப்பன் போன பின் பிறந்த குழந்தையையும் அப்படி அழைத்தார்கள். பின்னால் வந்தவர்கள், மண் என்று பொருள்படும் 'ஹூமுஸ்' என்ற சொல்லோடு இதை முடிச்சுப் போட்டு, நடுவில் ஹகர எழுத்தைச் செருகிவிட்டார்கள். அந்த எழுத்துக்கு இன்றும் ஒலி கிடையாது. ஆங்கில உச்சரிப்பு ஏறக்குறைய 'பாஸ்ட்யுமஸ்'.

ஆங்கிலத்தில் இந்த ஒற்றைப் பெயரடையைப் பிள்ளை, புத்தகம், விருது எதன் முன்னும் ஒட்டலாம். தமிழில் ஒரு வினையும் வேண்டும்: மறைவுக்குப் பின் பிறந்த, வெளியான, வழங்கப்பட்ட. அது விடுபட்டால் 'மரணத்துக்குப் பிந்தைய நாவல்' என்று ஆவியுலகக் கதைபோல் ஆகிவிடும். 'காமராஜருக்கு மறைவுக்குப் பின் 1976இல் பாரத ரத்னா வழங்கப்பட்டது' என்று எழுதிப் பாருங்கள், உறுத்தாது. கல்கி மறைந்தது 1954இல். 'அலை ஓசை'க்குச் சாகித்திய அகாதெமி விருது வந்தது 1956இல். அதையும் இப்படியே சொல்லலாம். பட்டியல் என்றால் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'மறைவுக்குப் பின்' என்று போட்டாலே போதும்.

'நினைவு விருது' என்று எழுதுகிறவர்களும் உண்டு. அது வேறு. மறைந்தவர் பெயரால் இருப்பவருக்குக் கொடுப்பது நினைவு விருது. இங்கே பெறுபவரே மறைந்தவர்.

இந்தச் சொல் சும்மா அலங்காரத்துக்கு நிற்பதும் இல்லை. 1992இல் சுபாஷ் சந்திர போஸுக்குப் பாரத ரத்னா அறிவித்தபோது 'மறைவுக்குப் பின்' என்ற குறிப்பும் சேர்ந்து வந்தது. அவர் இறந்ததை அரசு எந்த ஆதாரத்தில் உறுதி செய்தது என்று கேள்வி எழுந்து, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. விருது வழங்கப்படவே இல்லை. அந்த அறிவிப்பு ரத்தானதாகக் கொள்ள வேண்டும் என்று 1997இல் நீதிமன்றம் சொல்லிவிட்டது. தகராறு விருதின் மீதானதைவிட அந்த அடைமொழியின் மீதானது என்றே எனக்குத் தோன்றுகிறது.

நோபல் பரிசில் இதற்கு இடமே இல்லையா என்றும் கேட்டிருந்தீர்கள். இருந்தது. 1961இல், ஐ.நா. பொதுச் செயலாளராக இருந்த டாக் ஹம்மர்ஷோல்டுக்கு மறைவுக்குப் பின்தான் அமைதிப் பரிசு கொடுத்தார்கள். 1974 முதல்தான் கட்டுப்பாடு: அறிவித்த பிறகு இறந்தால் மட்டுமே உண்டு. 2011இல் மருத்துவப் பரிசுக்கு ரால்ஃப் ஸ்டைன்மன் பெயரை அறிவித்தபோது அவர் இறந்து மூன்று நாள் ஆகியிருந்தது. தேர்வுக் குழுவுக்கு அது தெரியாது. உயிரோடு இருப்பதாக நம்பியே முடிவெடுத்தோம் என்று சொல்லி, பரிசை அப்படியே விட்டுவிட்டார்கள்.